பெட்டியில் இருபத்திரண்டு புத்தகம்

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

பார்சல் போட்டாயிற்று. புனேவுக்கு வந்து சேர நாலைந்து நாள் ஆகும் என்கிறார்கள். "வீட்டில் எல்லாருக்கும் படிக்க ஏதாவது அனுப்பும்மா" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். நாலு வயசுக் குட்டியும் எழுபதைத் தாண்டிய சம்பந்தியம்மாவும் அந்த 'எல்லாரு'க்குள் இருக்கிறார்களே! மொத்தம் 22 புத்தகம், ஆறு கிலோ சொச்சம். எதை யாருக்கு, ஏன் எடுத்தேன் என்று எழுதிவிடுகிறேன். அடுத்த லீவில் வரும்போது நீயே கடையில் நின்று எடுக்கலாம்.

அட்டையில் '6 முதல் 8 வயது வரை' என்று போட்டிருப்பதை நம்பாதே. அது தமிழ்நாட்டில் தமிழ் படிக்கிற பிள்ளையை நினைத்துப் போட்டது. நம் நடுவுள்ளவளுக்கு எட்டு வயசு, வாய் நிறையத் தமிழ் பேசுகிறாள், எழுத்துக் கூட்ட இப்போதுதான் கற்றிருக்கிறாள். காதுக்கு எட்டு வயசு, கண்ணுக்கு அஞ்சு வயசு. இரண்டுக்கும் தனித்தனியாகப் புத்தகம் வேண்டும். நீ படித்துக் காட்ட மூன்று, அவளே படிக்க மூன்று வைத்திருக்கிறேன். படித்துக் காட்டுகிற புத்தகம் அவள் வயசுக்கு ஒரு படி மேலே இருக்கலாம். அவளே படிப்பது இரண்டு படி கீழே இருந்தால்கூடத் தப்பில்லை.

அவளே படிக்கிற மூன்றுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். 247 எழுத்து என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். ஆனால் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் எழுத்தில் இல்லை, வரி முடிகிற இடத்தில். 'ஓடிக்கொண்டிருந்' என்று ஒரு வரி முடியும், 'தான்' அடுத்த வரியில் தனியாக நிற்கும். ஆங்கிலப் புத்தகத்தில் நடுவில் ஒரு சின்னக் கோடாவது போடுவார்கள், நம் அச்சில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. 'தான்' தனியாகவும் ஒரு சொல் ஆச்சே, அதனால் அவள் அதை வேறு சொல்லாகவே படித்துவிட்டு, அர்த்தம் புரியாமல் புத்தகத்தை மூடுவாள். கடையில் எடுத்ததும் வலது ஓரத்தை மேலிருந்து கீழே ஒரு முறை பார். சொல் உடையாமல் வரி முடிந்திருக்கிறதா? வலது ஓரம் மேடு பள்ளமாக இருந்தால் நல்ல அறிகுறி. இரண்டு பக்கமும் வெட்டி வைத்த மாதிரி நேராக இருந்தால் சொற்களை உடைத்திருப்பார்கள்.

அடுத்தது புணர்ச்சி, அதாவது சொல்லும் சொல்லும் சேர்ந்து ஒன்றாவது. 'வந்திருந்தவர்களெல்லாம்' என்று ஒரே மூச்சில் ஓடாமல் 'வந்திருந்தவர்கள் எல்லாம்' என்று பிரித்துப் போட்டிருக்க வேண்டும். பேச்சுத்தமிழ் விஷயமும் இருக்கிறது. வீட்டில் அவள் 'போனான்' என்றுதான் கேட்கிறாள், புத்தகத்தில் 'சென்றான்' வரும். அது போகப் போகப் பழகிவிடும். ஆனால் முதல் பத்துப் புத்தகத்தில் பாத்திரங்கள் பேசுகிற இடமாவது நம் வாயில் வருகிற தமிழாக இருப்பது நல்லது. 'அம்மா, எனக்குப் பசிக்கின்றது' என்று பேசுகிற குழந்தையை எந்தக் குழந்தை நம்பும்?

ஒரு பக்கத்தை அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி விரல் விட்டு எண்ணு. அஞ்சு இடத்துக்கு மேல் திணறினால் அதை நீ படித்துக் காட்டுகிற அடுக்கில் வை. ஆறு மாதம் கழித்து அதே புத்தகம் அவளே படிக்கிற அடுக்குக்கு வந்துவிடும்.

காசில்லாமலும் வழி உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, இறக்கி அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. நாலு நிலையாகப் பிரித்திருப்பார்கள். முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, அதற்கு மேல் நாலாவது. முதல் நிலையில் இருபது கதை முடித்த பிறகு இரண்டாவதற்குப் போ. திரையில் படிக்க விடாதே, தாளில் கொடு. விரல் வைத்துப் படிக்கிற வயசு அவளுக்கு.

குட்டிக்கு அதிகம் யோசிக்கவில்லை. பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி, திரும்பத் திரும்ப வருகிற வாக்கியம், கிழியாத கெட்டி அட்டை. அஞ்சு வைத்திருக்கிறேன். மூலைகள் வட்டமாக வெட்டியதாகப் பார்த்து எடுத்தேன், எப்படியும் முதலில் வாய்க்குத்தான் போகும். ஒன்றையே நாற்பது தடவை கேட்பான், சளைக்காமல் படி.

பெரியவன் விஷயம் கொஞ்சம் சிக்கல். பதின்மூன்று வயசு. ஆங்கிலத்தில் தடித்தடியாகப் படிக்கிறவன், தமிழில் எழுத்துக் கூட்டுகிற வேகம்தான். அதற்காகத் தம்பி தங்கை படிக்கிற முயல்-சிங்கம் கதையை அவனிடம் நீட்டினால் அவமானமாகிவிடும், அப்புறம் தமிழ்ப் பக்கமே திரும்ப மாட்டான். வாக்கியம் எளிதாகவும் விஷயம் அவன் வயசுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். காமிக்ஸ் இதற்கு நல்ல ஏணி. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-லிருந்து வருகிறது, லயன் அதற்கு அப்புறம் வந்தது. ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று வரி, படம் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். இரண்டு காமிக்ஸ், ஒரு துப்பறியும் கதை, ஒரு விஞ்ஞானக் கேள்வி-பதில், ஒரு சிறுகதைத் தொகுப்பு. எதுவும் நூறு பக்கத்தைத் தாண்டாது. மணிக்குப் பத்துப் பக்கம் படிக்கிறவனிடம் ஐந்நூறு பக்கம் கொடுத்தால் ஐம்பது மணி நேரம் ஆகும், பாதியில் நின்றுவிடும். கல்கியின் பொன்னியின் செல்வன் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இப்போது வேண்டாம். ஐந்து பாகம், அதுவும் முதலில் வாரா வாரம் தொடராக வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்காக ஏங்க வைக்கிற மாதிரி முடியும். அவசரப்பட்டுப் படித்து முடிக்கிற சமாசாரமே இல்லை. ராத்திரி ஓர் அத்தியாயம் என்று நீ அவனுக்குப் படித்துக் காட்டினால் சரியாக இருக்கும்.

அதை வாங்குகிற அன்றைக்கு ஒன்றைப் பார்த்துக்கொள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் பல பதிப்பகம், பல விலை. சுருக்கப் பதிப்பும் அதே பெயரில் விற்கும். ஐந்து பாகமும் முழுசாக இருக்கிறதா என்று கேள். மலிவுப் பதிப்பில் மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியும். ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும். இவ்வளவு தடிமனான புத்தகத்துக்குத் தையல் பைண்டிங்தான் தாங்கும். முதுகின் மேல் முனையைப் பார்த்தால் தாள்கள் கொத்துக் கொத்தாக மடிந்து தெரிய வேண்டும். ஒரே சமனாக வெட்டிப் பசை போட்டிருந்தால் இரண்டாவது வாசிப்பில் நடுவில் பிளந்துகொள்ளும்.

சம்பந்தியம்மாவுக்கு மூன்று. கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் பெரிய எழுத்து, 14 பாயின்டுக்குக் குறையாமல். கடையில் அளவுகோலா கொண்டுபோக முடியும்? பக்கத்தில் வரியை எண்ணிக்கொள். டெமி அளவுப் புத்தகத்தில் (சாதாரணமாக நாவல் வருகிற அளவு) முப்பதுக்குள் இருந்தால் கண்ணுக்கு இதம், முப்பத்தைந்தைத் தாண்டினால் நெரிசல். பளீர் வெள்ளைத் தாள் விளக்கு வெளிச்சத்தில் கூசும், லேசாகப் பழுப்புச் சாயல் நல்லது. படுத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு எடையும் முக்கியம். 300 பக்க டெமி புத்தகம் ஏறக்குறைய 350 கிராம் வரும், அதற்கு மேல் கை வலிக்கும். வயசானவர்கள் என்றாலே பக்தி நூலைத் தூக்கிக் கொடுப்பது ஒரு பழக்கம். அவர்கள் தொடர்கதை படித்து வளர்ந்த தலைமுறை, அதனால் ஒன்று ஆன்மீகம், இரண்டு குடும்ப நாவல். அதில் ஒரு நாவல் பழைய புத்தகக் கடையில் எடுத்தது. 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சு. சம்பந்தியம்மாவுக்கு அதுதான் பழக்கம். நடுவுள்ளவள் கையில் மட்டும் கொடுத்துவிடாதே, இருக்கிற எழுத்தும் குழம்பிப்போகும்.

மாப்பிள்ளை சரித்திரம் கேட்டார் இல்லையா, இரண்டு வைத்திருக்கிறேன். சரித்திரப் புத்தகத்தை முன்னுரையைப் பார்த்து எடுக்காதே. உனக்குத் தெரிந்த ஊரைப் பற்றிய பக்கத்தைப் பிரி. நமக்குக் கோட்டை இருக்கிறதே, அதுவே உரைகல். வேலூர்ச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தது 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி வைக்கக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகள். கோட்டைக்குள் திப்புவின் குடும்பம். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியது. இந்த நாலும் சரியாக, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு இருந்தால் மற்ற பக்கங்களையும் ஓரளவு நம்பலாம். வசனமும் வாள்வீச்சுமாக இருந்தால் நாவல் என்று நினைத்துப் படிக்கலாம், அவ்வளவுதான். கடைசியில் சொல்லடைவு, எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்கிற பட்டியல், இருக்கிறதா என்றும் பார்.

மொழிபெயர்ப்பு வாங்கினால் மொழிபெயர்த்தவர் பெயர் உள்ளே இருக்க வேண்டும். பெயர் இல்லாததைத் தொடாதே. பிறகு பேச்சு வருகிற ஒரு பக்கத்தைப் படி. ஆங்கிலத்தை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றி, ஆளாளுக்குத் தோளைக் குலுக்கிக்கொண்டே இருந்தால் கீழே வைத்துவிடு.

உனக்கு ஒன்றே ஒன்று. மு.வ.வின் (மு. வரதராசன்) அகல் விளக்கு நாவல், 1961-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. மு.வ. நம் வடாற்காட்டுக்காரர், கதையில் வாலாஜா வரும். நிதானமான நடை, இடையிடையே அறிவுரை சொல்வார், அங்கே கொஞ்சம் வேகமாகத் தாண்டலாம்.

பெட்டியைப் பிரித்ததும் இதைச் செய். தடித்த புத்தகங்களில் 16, 17, 32, 33 என்று பதினாறு பதினாறாகப் பக்க எண்ணைப் பார்த்துக்கொண்டே போ. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சடிப்பார்கள், பைண்டிங்கில் ஒன்று விட்டுப்போகும், இல்லை இரண்டு தடவை வரும், சில சமயம் தலைகீழாகவும் இருக்கும். நான் பார்த்துத்தான் வைத்தேன், நீயும் ஒரு தடவை பார்த்துவிடு. பில் அகல் விளக்கின் பின்னட்டைக்குள் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டும். ஆற்காடு மக்கன் பேடா இந்தப் பெட்டியில் இல்லை, ஜீரா ஒழுகினால் புத்தகம் போச்சு. அது தனியாக வருகிறது.

அம்மா