காட்டுக் குதிரைகளுக்கு ஓராண்டுக் காவல் போதாது

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் காட்டுக் குதிரைகள் இறைச்சிக்காக எல்லை கடத்தப்படுவது குறித்து உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்து மனம் பதைத்தது. அந்நாட்டின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை மேற்கு அமெரிக்காவின் வரலாற்றுக்கும் முன்னோடி உணர்வுக்கும் உயிருள்ள அடையாளங்கள் என்று போற்றுகிறது. ஆனால் பிடித்துத் தத்துக் கொடுக்கப்படும் குதிரை, ஓராண்டு கழித்து உரிமைப் பத்திரம் தனியார் கைக்குப் போனதும் அச்சட்டத்தின் காவலை இழக்கிறது. அதன் பிறகு அது வெறும் ஏலச் சரக்குதான். அங்குள்ள குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007இலேயே மூடப்பட்டுவிட்டன. லாரிகளோ மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போகின்றன. ஏற்றுமதியைத் தடுக்காத சட்டத்தால் எந்தக் குதிரைக்கும் பயனில்லை.

என் சித்தப்பா சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடல் லாயத்தில் குதிரை பராமரித்தவர். குளம்பைத் தூக்கிப் பார்த்து அழுக்கெடுக்கும்போது, அவர் சட்டைப்பையில் இருக்கும் கேரட்டைக் குதிரை மூக்கால் துழாவும். 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கு கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு, அவர் வளர்த்த குதிரைகள் வெளிநாடு சென்றன. இப்போது அவை எங்கே, எப்படி இருக்கின்றன என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. நம் ஊர்க் குதிரையேற்றப் பள்ளிகளில் இன்னும் குதிரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் யாரிடம் உள்ளது, எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை அதன் ஆயுள் முடியும்வரை பதியும் பொதுப் பதிவேடு ஒன்றை அரசாங்கம் தொடங்க வேண்டும். இறைச்சிக்கு விற்கமாட்டேன் என்ற எழுத்துபூர்வ உறுதி இல்லாமல் ஏற்றுமதி அனுமதி வழங்கக்கூடாது.

வாசகர், ஈசூன்