இரவல் பாட்டு என்றால் இளப்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், எங்கள் பகுதி இளைஞர் நால்வர் வெளியிட்ட முதல் பொப் ரொக் இறுவட்டைப் பற்றிய விமர்சனத்தைப் படித்தேன். எட்டுப் பாட்டும் பிறருடையவை. ஆகவே இவர்கள் சொந்தச் சரக்கு இல்லாதவர்கள் என்று முடித்துவிட்டார் விமர்சகர். இறுவட்டில் குற்றம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் கைவைத்த இடத்தில் இல்லை.

இங்கிலாந்து இசைக் கோஷ்டியான பீட்டில்ஸின் முதல் அல்பம் 1963இல் வந்தது. அதன் 14 பாட்டுகளில் 6 இரவல். அடுத்த ஆண்டு வந்த ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் அல்பத்தில் அந்தக் கோஷ்டியின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து எழுதியது ஒன்றே ஒன்று. பீட்டில்ஸ் 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் 10 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். லிவர்பூலிலும் ஹம்பர்க்கிலும் இரவிரவாகப் பாடிப் பழகிய பாட்டுகள் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. இரவல் பாட்டில்தான் கோஷ்டிக்குக் கை படியும்.

நானும் ஒரு கோஷ்டிக்காரன்தான். எழுபதுகளின் கடைசியில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களில் பொங்கோ தட்டியவன். வானொலியைக் கேட்டுத்தான் பாட்டு எழுதி எடுப்போம். மலைக்கு இந்தப் பக்கம் அலை சரியாக எட்டாது. ஒரு பாட்டில் இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரி வரும்போதெல்லாம் இரைச்சல். மூன்று வாரம் காத்திருந்தும் அந்த வரி பிடிபடவில்லை. எங்கள் பாடகர் பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுபவர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் விடியலைப் பற்றித் தாமே ஒரு வரி கட்டி அந்த இடத்தை நிரப்பினார். பல ஆண்டுகள் கழித்து ஒலிப்பேழையில் மூல வரியைக் கேட்டபோது, அதுதான் பிழை போலிருந்தது எங்களுக்கு!

இந்தப் பிள்ளைகளும் அப்படி ஏதோ செய்திருக்கிறார்கள். நான்காவது பாட்டின் நடுவில் கிட்டாரும் ட்ரம்ஸும் சட்டென்று அடங்கி, தப்புப் பறை மட்டும் தனியாக ஒலிக்கிறது. மலையகத்தில் ஆடும் காமன் கூத்தில் கேட்ட அடி. எங்கோ பிறந்த காதல் பாட்டு அந்த அரை நிமிடத்தில் எங்கள் தோட்டத்து லயன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. விமர்சகர் அதுவரை கேட்டாரா என்பது எனக்குச் சந்தேகம்.

இனி, குற்றத்துக்கு வருகிறேன். உறையின் உள்மடிப்பில் நன்றி கூறல் நீளமாக இருக்கிறது. ஒலிபெருக்கிக் கடைக்காரர், வேன் சாரதி, தேநீர்க் கடை அக்கா வரை எல்லோரும் உண்டு. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. பீட்டில்ஸின் அந்த இசைத்தட்டில் ஒவ்வொரு பாட்டின் அருகிலும் எழுதியவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அப்படி ஒரு பெயர் ஆர்தர் அலெக்சாண்டர். அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பாடகர். ரோலிங் ஸ்டோன்ஸும் அவர் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். அவரோ பின்னாளில் இசையை விட்டு பஸ் ஓட்டினார். 1993இல் மறுபடியும் ஓர் அல்பம் பாடி வெளியிட்டு, அந்த ஆண்டிலேயே இறந்துபோனார். அடைப்புக்குறிக்குள் கிடந்த அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவருடைய குரலைத் தேடிப் போனேன்.

எட்டில் ஒன்று கொழுந்து பறிப்போர் பாட்டு. கட்டியவர் யாரென்று தெரியாது. அதற்கு 'மலையக நாட்டார் பாடல்' என்றாவது போட்டிருக்கலாம். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை இத்தகைய பாட்டுகளைத் தேடித் தொகுத்த மண் இது.

பிள்ளைகள் மறுபதிப்புப் போடப்போவதாகக் கேள்வி. உறையின் பின்பக்கத்தில், மூடுபனிப் படத்துக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். எட்டு வரி தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
பழைய கோஷ்டிக்காரன்,
கொட்டகலை.