விசேஷத்துக்கு மட்டும் ஒரு சிகரெட்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கானாடுகாத்தான் கல்யாணத்தில் நீ கூட்டாளிகளோடு வீட்டுப் பின்பக்கம் நின்று புகைத்ததைப் பார்த்தேன். பிறகு ஜாடையாகக் கேட்டதற்கு, "தினமுமா பிடிக்கிறேன்? நாலு பேர் கூடினால் ஒன்று ரெண்டு" என்றாய். அந்தப் பதில்தான் எனக்கு உறுத்தல்.

தினம் இருபது பிடிப்பவனுக்கு உள்ள ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதானே ஒன்று பிடிப்பவனுக்கு என்று நினைக்கிறாய். வட்டிக்கணக்குப் பார்த்த வம்சம், அப்படித்தான் யோசிக்கும். நுரையீரல் புற்றுநோய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். இதயத்துக்கு வராது. கொஞ்சம் புகை உள்ளே போனாலே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன, ரத்தக் குழாய்களின் உள்சுவர் கெடுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்: இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற இதயநோய் அபாயத்தில் கிட்டத்தட்டப் பாதி, தினம் ஒன்று பிடிப்பவருக்கே வந்துவிடுகிறதாம். தினம் ஒன்றுகூட இல்லை என்பாய். சரி, சராசரி தினம் ஒன்றுக்கும் குறைவாகவே காலமெல்லாம் பிடித்தவர்களை அமெரிக்காவில் கவனித்திருக்கிறார்கள். புகைக்காதவரைவிட அவர்களுக்குச் சீக்கிரம் சாகும் அபாயம் 64 சதவீதம் கூடுதல். நம் வீட்டில் ஐயாவுக்கும் சர்க்கரை, அப்பச்சிக்கும் சர்க்கரை. அதையும் சேர்த்துக்கொள்.

பாட்டையா பர்மாவுக்கு வியாபாரத்துக்காகக் கொண்டுவிக்கப் போய், வாயில் சுருட்டோடு திரும்பி வந்து, தொண்ணூறு வரை இருந்தார்களே என்று நீ கேட்பாய். அவர்களோடு சுருட்டுப் பிடித்தவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டவில்லை என்று இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை.

பீர் குடிக்கும்போதுதான் உனக்குச் சிகரெட் ஞாபகம் வருகிறது என்பதும் தெரியும் (உன் கூட்டாளிதான் உளறினான், அவனைத் திட்டாதே). குடியும் புகையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் படம் போட்டு எச்சரிக்கிறார்கள். ஓசியில் ஒற்றைச் சிகரெட் வாங்குகிற உன் கண்ணில் அது எங்கே படப்போகிறது?

உன்னைத் திட்ட எழுதவில்லை. இன்னும் பழக்கமாகவில்லை என்று நீயே சொல்கிறாய், அப்படியானால் விடுவதும் சுலபம்தானே. கும்பல் வெளியே கிளம்பும்போது நீ பந்திப் பக்கம் நகர்ந்துவிடு. முடியவில்லை என்றால் 1800 11 2356, அரசாங்கத்தின் இலவச எண், வெட்கப்படாமல் கூப்பிடு.

அப்புறம் ஒன்று. ஆபீசில் ஹெல்த் செக்கப் செய்யும்போது புகைப்பீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் எழுதியிருப்பாய். இனி உண்டு என்றே எழுது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் உன் இதயத்தை எடைபோடுவார்.

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வரும்போது அந்த ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்து வா. கொழுப்பு எவ்வளவு என்று அப்பச்சி கேட்கிறார்கள். பெங்களூரிலிருந்து பஸ்ஸா ரயிலா, தேதியைச் சொல்.

ஆத்தா