கண் ஊசியை நிறுத்தாதீர்கள், நிரப்பும் முறையைச் சீராக்குங்கள்

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். தொற்றுப் புகாரை அடுத்து, புற்றுநோய்க்கென வந்து விழித்திரை நோய்க்கும் பயன்படும் பெவாசிசுமாப் மருந்தைக் கண் ஊசிக்காகச் சிறு சிரிஞ்சுகளில் பிரித்து நிரப்புவதை நிறுத்திவைத்திருக்கிறீர்கள். உங்கள் அச்சம் நியாயமானது. 2011இல் மயாமியில் இப்படிப் பிரித்த மருந்தால் 12 பேருக்குக் கண்ணுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வந்தது. ஆனால் அங்கே கெட்டது நிரப்பிய முறை, மருந்து அல்ல.

100 மி.கி. குப்பியில் 4 மி.லி. இருக்கிறது. கண்ணுக்கு வேண்டியது 0.05 மி.லி., அதாவது 1.25 மி.கி. கிருமித்தடுப்புப் பொருள் எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை. ஒரே குப்பியின் ரப்பர் மூடியைப் பல நாள் குத்திக் குத்தி எடுத்தால் கிருமி நுழையும், நுழைந்தது பெருகும். வடிகட்டிய தூய காற்று சீராக வீசும் லேமினார் ஃப்ளோ மேசையில் ஒரே அமர்வில் எல்லாச் சிரிஞ்சுகளையும் நிரப்பி, சிலவற்றைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, மீதியை 2 முதல் 8 டிகிரியில் உறையவிடாமல் வைத்து, தொகுதி எண்ணை நோயாளியின் ஏட்டில் குறித்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இதைக் கட்டாயமாக்குங்கள், ஊசியை நிறுத்தாதீர்கள்.

விழித்திரையின் மையப்பகுதியான மாகுலா கெடும் நோயின் ஈர வகையில், புதிதாக முளைக்கும் ரத்த நாளங்கள் ஒழுகும். அதை அடக்கத் தொடக்கத்தில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி போடுகிறோம். முதல் ஊசியோடு நின்றுபோனவருக்கு, வற்றத் தொடங்கிய நீர் மறுபடி கோத்துக்கொள்கிறது. ரத்தம் கசிந்து வடுவாகிறது. எதிரே நிற்பவரின் தோள் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. வடு விழுந்தபின் எத்தனை ஊசி போட்டாலும் அந்தப் பார்வை திரும்பாது.

இதே நோய்க்குக் கண்ணுக்கென அனுமதி பெற்ற ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் மருந்துகள் இருக்கின்றனவே என்பீர்கள். அவற்றின் விலையைத் தாங்க முடிந்தவர்கள் இந்த வரிசையில் நிற்கவில்லை. பார்வையைக் காப்பதில் மாதாந்திர பெவாசிசுமாப் ரானிபிசுமாபுக்குக் குறைந்ததல்ல என்று இரண்டையும் ஒப்பிட்டு 2011இல் வெளியான கேட் (CATT) ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதை அத்தியாவசியக் கண் மருந்தாகவே பட்டியலில் சேர்த்தது. புற்றுநோய்ப் பிரிவில் இதே மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. கணக்கில், 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மி.கி. நரம்பில் ஏறுகிறது. கண்ணுக்கான அளவைப் போல 240 மடங்கு! அந்தக் குப்பியை நம்புகிறீர்கள். முதலில் தயாரித்த நிறுவனம் கண்ணுக்கென அனுமதி கேட்கவே இல்லை. அதன் விளைவை நோயாளி ஏன் சுமக்க வேண்டும்? ஆணை ஒரே நாளில் வருகிறது, மாற்று ஏற்பாடு மட்டும் வருவதே இல்லை. விழித்திரை மருத்துவர் ஒருவரையாவது கலந்திருக்கலாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நிறுத்தாதீர்கள், சீராக்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். நெறிமுறை தயாராகும்வரை, லேமினார் ஃப்ளோ வசதியும் கிருமிச் சோதனைக் கூடமும் உள்ள மருத்துவமனைகளுக்கு இடைக்கால அனுமதி தாருங்கள். முதல் மூன்று ஊசிகளுக்கு நடுவில் நின்றுபோனவர்களுக்கு அங்கே முன்னுரிமை கொடுக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
விழித்திரை மருத்துவர்கள்