காற்றைத் திருப்பிவிட்ட தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

நம் புதிய கான்ஃபோகல் நுண்ணோக்கியில் நேற்று இரவு 11 மணிக்குப் போட்ட படப்பதிவு இன்று காலை 7 மணி வரை கலங்காமல் ஓடியிருக்கிறது. கடைசிப் படமும் முதல் படம் போலவே தெளிவாக இருக்கிறது. பார்த்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். கடந்த சில மாதங்கள் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். திரும்பச் சொல்ல மனமில்லை. கருவி இனி நம்முடையது. கையெழுத்துப் போட்டாயிற்று.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் முதலில் ஒரு தம்பி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். இங்கே ஏர்கான் பராமரிப்பு வேலை பார்க்கிறார்.

கருவியை ஏற்றுக்கொள்ளுமுன் செய்யும் இறுதிச் சோதனைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஃபோக்கஸ் நிற்கவே இல்லை. ஊசித்துளை வழியாக ஒரே ஒரு மெல்லிய தளத்தின் ஒளியை மட்டும் உள்ளே விட்டு, மேலும் கீழும் இருந்து வரும் ஒளியைத் தடுப்பதுதான் கான்ஃபோகலின் வேலை. அந்தத் தளம் ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். நம் தலைமுடியின் தடிமனே அதைப்போல் 70 மடங்கு இருக்கும். மாதிரி அந்த அளவு நகர்ந்துவிட்டால் கருவி வேறு எதையோ படமெடுத்துக்கொண்டிருக்கும். அதிர்வு மேஜையைப் பார்த்தார்கள், மென்பொருளைப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை.

அன்றைக்குத்தான் தம்பி ஃபில்டர் கழுவ வந்தார். ஏணியிலிருந்து இறங்கியவர் போகாமல் நின்று, "அக்கா, காத்து நேரா மேஜை மேல விழுது, பரவால்லையா?" என்று கேட்டார். எனக்கு உடனே புரியவில்லை. ஒரு டிஷ்யூத் தாளை நீளமாகக் கிழித்துக் காற்று வரும் வாயில் ஒட்டிக் காட்டினார். ஏர்கான் ஓடும்போது தாள் கருவியை நோக்கிப் பறந்தது. நின்றதும் தொங்கிப்போனது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இப்படியே ஓடி ஓடி நிற்கும் என்றார். என் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஃபோக்கஸ் நழுவியதும் அதே இருபது நிமிடக் கணக்கில்தான். குளிர்காற்று விட்டு விட்டுப் பட்டதில் கருவியின் உலோகம் சுருங்கிச் சுருங்கி நீண்டிருக்கிறது. இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 12 மைக்ரோமீட்டர் நீளும். பத்து சென்டிமீட்டர் துண்டுக்கே ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் வந்துவிடும். பாடத்தில் நானே நடத்தும் கணக்கு இது. என் தலைக்கு மேல் இருந்த காற்றை நான் நினைக்கவே இல்லை.

தம்பி தன் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, வாயின் தகடுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு தடுப்பும் வைத்தார். அவருடைய வேலைத் தாளில் எழுதியிருந்தது ஃபில்டர் கழுவுவது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை, அவருடைய ஒரே விடுமுறை நாளில், தங்குவிடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அட்டை விழாமல் இருக்கிறதா என்று பார்த்தார். அதை எடுத்துவிட்டுக் கையோடு கொண்டுவந்த அக்ரிலிக் பலகையை மாட்டினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

"வேண்டாம்க்கா. உள்ள என்ன தெரியுதுன்னு ஒருதடவை காட்டுங்க, போதும்" என்றார்.

மேடையில் இருந்தது பதப்படுத்திய ஏடிஸ் கொசுவின் குடல். நீலப் புள்ளிகள் உயிரணுக்களின் கரு, நடுவே பச்சையாகத் திட்டுத் திட்டாக டெங்கிக் கிருமி. முதலில் குடலில்தான் பெருகும், அப்புறம்தான் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய் அடுத்த ஆளுக்குத் தாவும் என்று சொன்னேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "போன வருஷம் எட்டு நாள் என்னை ஆஸ்பத்திரில படுக்க வெச்சது இதுதானா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடத்தில் என் மாணவர்கள் யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

தங்கள் ஆய்வகத்துக்கென்று தனியாக ஒன்று வாங்க வைத்திருந்த பணத்தைப் பொதுவில் போட்ட மூன்று துறைப் பேராசிரியர்களுக்கும், விண்ணப்பத்தை நள்ளிரவில் திருத்தித் தந்த நிதிப் பிரிவினருக்கும், பெட்டிகளைக் கைக்குழந்தை போல் மாடியேற்றியவர்களுக்கும் நன்றி. முன்பதிவில் தங்கள் நேரத்தை இளங்கலை வகுப்புக்கு விட்டுக்கொடுத்த மாணவர்களுக்கும்தான். நீண்ட விடுமுறையிலும் ஈரப்பத நீக்கியின் தண்ணீரைக் கொட்ட மறக்காத துப்புரவு ஆன்ட்டிக்குத் தனியாக ஒரு நன்றி. நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க எத்தனை நாள் ஆகும்? பழைய கருவியை அப்படித்தானே இழந்தோம்.

துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன், சரி என்றுவிட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, காலை 10 மணி முதல் 12 மணி வரை, முன்பதிவு அட்டவணையில் யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டியிருக்கிறேன். நம் கட்டடத்தில் வேலை பார்க்கும் யாரும் வந்து பார்க்கலாம். தமிழில் நான் விளக்குவேன். வங்காளமும் மலாயும் தெரிந்த மாணவர்கள் கைகொடுக்க வேண்டும். வரும் ஞாயிறு தம்பி தன் அறைத்தோழர்கள் நான்கு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.