செட் அட்கின்ஸின் கட்டைவிரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க கன்ட்ரி இசை பற்றி வந்த கட்டுரையில் கிட்டார் கலைஞரும் ரெக்கார்டு தயாரிப்பாளருமான செட் அட்கின்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. அதிலும் பாதியை அந்தச் சில்லறைக் கதை தின்றுவிட்டது. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அவர் முன்னின்று உருவாக்கிய பதிவுப் பாணியான ‘நாஷ்வில் சவுண்ட்’ என்றால் என்ன என்று யாரோ கேட்க, பேன்ட் பைக்குள் கையை விட்டுக் காசைக் குலுக்கிக் காட்டி, இதுதான், காசுச் சத்தம் என்றாராம். அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதைதான், நானும் மறுக்கவில்லை. அதற்காக ‘கிராமத்துப் பாட்டை நகரத்துக்கு விற்ற மேனேஜர்’ என்று அந்த மனிதரை ஒரு வரியில் முடித்துவிடலாமா? கட்டுரையாளர் கிட்டார் வாசிப்பாரா, தெரியவில்லை. வாசிப்பவராக இருந்தால் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்திருப்பார்.

1924-இல் டென்னசி மாநிலத்தில் லட்ரல் என்ற சிற்றூரை ஒட்டிப் பிறந்தவர் அட்கின்ஸ். ஆறு வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். போதாததற்கு ஆஸ்துமா வேறு. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டிய பிள்ளை. கண் சொருகும் வரை மடியில் கிட்டார். ஊர் மாற்றினால் உடம்பு தேறும் என்று ஜார்ஜியாவிலிருந்த அப்பாவிடம் அனுப்பிவைத்தார்கள். அங்கேதான், கையால் செய்த கிரிஸ்டல் ரேடியோவில், சின்சினாட்டி நிலையத்திலிருந்து மெர்ல் டிராவிஸின் கிட்டார் காதில் விழுந்தது. டிராவிஸ் வாசித்தது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத்தான். ரேடியோவில் விரல் தெரியுமா? இவ்வளவு சத்தம் இரண்டு விரலில் வராது என்று பையன் தானாகவே முடிவுகட்டி, கட்டைவிரலோடு இன்னும் மூன்று விரல்களைப் பழக்கிக்கொண்டான். அந்தத் தப்புக் கணக்குதான் கடைசி வரை அவருக்குச் சோறு போட்டது.

அதன் பாடு வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைவிரலில் பிக் என்கிற மீட்டும் வளையத்தை மாட்டிக்கொண்டு, தடித்த கம்பிகளில் பேஸை, அதாவது கீழ்ச்சுரங்களை, மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரம் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜின் மேல் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். அழுத்தினால் சத்தம் செத்துவிடும், எடுத்தால் பேஸ் இரைந்து மெட்டை மூடிவிடும். மெல்லிய கம்பிகளில் மற்ற விரல்கள் மெட்டை எடுக்கும். மெட்டு முந்தும், பிந்தும், நடுவில் நின்று மூச்சு விடும். கட்டைவிரல் அதைக் கண்டுகொள்ளவே கூடாது. நான் எங்கள் சர்ச் கொயரில் நாற்பது வருஷமாக கிட்டாரில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) போடுகிறவன். மூன்று மாதம் முயன்று பார்த்தேன். மெட்டு கொஞ்சம் தள்ளி விழ வேண்டிய இடத்திலெல்லாம் என் கட்டைவிரலும், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மாதிரி, கூடவே போய் நின்றது.

அட்கின்ஸ் இதையே வேடிக்கையாக்கிக் காட்டினார். பேஸ் கம்பிகளில் அமெரிக்க வடக்கு மாநிலத்தவரின் ‘யாங்கி டூடுல்’, மேல் கம்பிகளில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தெற்கு மாநிலத்தவர் பாடிய ‘டிக்ஸி’. இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே ஆளிடமிருந்து.

இப்படிப்பட்டவரை ஒவ்வொரு ரேடியோ நிலையமாக வேலையைவிட்டு அனுப்பினார்கள். மிசௌரியில் ஒரு நிலையத்தில் சொன்ன குற்றம், வாசிப்பில் கன்ட்ரித்தனம் போதவில்லை என்பது. 1947-இல் ஆர்.சி.ஏ. ரெக்கார்டு கம்பெனியின் ஒப்பந்தம், 1950-இல் பாடகி மேபெல் கார்ட்டரோடும் அவர் மகள்களோடும் நாஷ்வில், 1956 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பதிவில் கிட்டார் என்று வந்து, 1957-இல் ஆர்.சி.ஏ.வின் நாஷ்வில் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. ராக் அண்ட் ரோல் புயலில் கன்ட்ரி ரெக்கார்டுகள் விலைபோகாமல் கிடந்த நேரம் அது. ஃபிடில் என்கிற கிராமிய வயலின் வாசிப்பையும் ஸ்டீல் கிட்டாரையும் எடுத்துவிட்டு, பியானோவையும் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் வைத்தார்கள். கட்டுரையாளர் குறை சொல்வது இதைத்தான். (இதை அட்கின்ஸ் தனியாகச் செய்ததுபோல எழுதியிருக்கிறார். டெக்கா கம்பெனியில் பாட்ஸி கிளைனின் பாட்டுகளைப் பதிவுசெய்த ஓவன் பிராட்லிக்கும் இதில் சம பங்கு உண்டு.)

எங்கள் வீட்டுக்கு அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது இலங்கை வானொலியின் ஆங்கில சேவை வழியாக, ஜிம் ரீவ்ஸின் குரலில். நாஷ்வில் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா ரேடியோவைப் பார்த்துச் சொல்வார்: “நம்ம பட்டாசல்ல உக்காந்து பாடுத மாதிரில்லா இருக்கு!” பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்தப் பட்டாசலை, அதாவது வீட்டுக் கூடத்தை, கட்டியவர் அட்கின்ஸ் என்று. முன்பெல்லாம் எட்டுக்கட்டையில் பாடிக்கொண்டிருந்தவர் ரீவ்ஸ். 1957-இல் ‘ஃபோர் வால்ஸ்’ பதிவில் மைக்கில் உதடு உரசுகிற தூரத்தில் நின்று அடித்தொண்டையில் பாடினார். அட்கின்ஸ் முதலில் அதைப் பெண்கள் பாட வேண்டிய பாட்டு என்றுதான் நினைத்தாராம், அவருக்கும் சறுக்கும். ஆனால் புரிந்த பிறகு விடவில்லை. 1959 அக்டோபரில் பதிவான ‘ஹீ வில் ஹேவ் டு கோ’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காதலியிடம் ஃபோனில் கெஞ்சுகிற ஒருவனின் பாட்டு. ஃப்ளாய்ட் கிரேமரின் பியானோ, குரல் ஓய்ந்த இடத்தில் மட்டும் இரண்டு சுரம் தெளித்துவிட்டு ஒதுங்கிவிடும். கோரஸ் அடுத்த அறையில் இருப்பதுபோல. பேஸ் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருக்கிறது. ரெக்கார்டின் மறுபக்கத்துக்கு என்று ஒதுக்கிய பாட்டு அது. ரேடியோக்காரர்கள் திருப்பிப் போட, 1960-இல் கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் நினைவுக்கு வரும். அடியில் ஒன்று அசையாமல் நடக்கும், மேலே ஒருவருக்குத் தாராளமாக இடம் இருக்கும். கிட்டாரில் விரலுக்குக் கொடுத்த இடத்தை ஸ்டூடியோவில் பாடகருக்குக் கொடுத்தார். மேனேஜருக்கு வருகிற யோசனையா இது?

குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. அதே அளவுச் சட்டையை எல்லோருக்கும் மாட்டியபோது கிழிந்தது. பாடகர் வில்லி நெல்சனை 1964-இல் ஆர்.சி.ஏ.வுக்குக் கொண்டுவந்தவர் அட்கின்ஸ்தான். ஆனால் அந்த மூக்குக் குரலை வயலின்களுக்கு நடுவில் உட்காரவைத்ததில் அது எடுபடவில்லை. நெல்சன் டெக்சாஸுக்குத் திரும்பி, வேறு கம்பெனிக்கு மாறி, பெரும்பாலும் கிட்டாரும் குரலுமாக 1975-இல் போட்ட ரெக்கார்டு எங்கேயோ போனது. என் குழுவை வைத்து, என் விருப்பப்படி பதிவுசெய்வேன் என்று ஆர்.சி.ஏ.வின் இன்னொரு பாடகரான வேலன் ஜென்னிங்ஸும் மல்லுக்கட்டித்தான் ஜெயித்தார். கன்ட்ரியை அதன் ஊரைவிட்டு வெகுதூரம் இழுத்துவந்துவிட்டோம் என்று அட்கின்ஸே பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். சில்லறைக் கதையைச் சொன்ன கட்டுரையாளர் இந்த வருத்தத்தையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சார்லி பிரைடின் பெயரே கட்டுரையில் இல்லாததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மிசிசிப்பி பருத்திக்காட்டுக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பாடகர். 1965-இல் அவருடைய டேப்பை எடுத்துப்போய் ஆர்.சி.ஏ. பெரிய தலைகளுக்குப் போட்டுக் காட்டினார் அட்கின்ஸ். குரல் பிடித்துப்போன பிறகுதான் ஆள் யாரென்று சொன்னார். முதல் ரெக்கார்டுகளைப் படம் இல்லாமலே ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பினார்கள். ஒளித்து விற்றது வெட்கக்கேடுதான். அந்த வெட்கம் அந்த ஊருடையது. 1971-இல் கன்ட்ரி இசைச் சங்கம் வருடத்தின் சிறந்த கலைஞர் என்று பிரைடைத்தான் தேர்ந்தெடுத்தது.

அட்கின்ஸின் வாசிப்பு எங்கெல்லாம் போனது என்று எழுத ஆரம்பித்தால் நீங்கள் வெட்டிவிடுவீர்கள். 1964-இல் பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்க டிவியில் தோன்றியபோது ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்தது அட்கின்ஸுக்காக கிரெட்ச் கம்பெனி செய்த ‘கன்ட்ரி ஜென்டில்மேன்’ கிட்டார். இங்கிலாந்து ராக் கிட்டார்காரர் மார்க் நாஃப்லர் அவரோடு சேர்ந்து 1990-இல் ஒரு ஆல்பமே போட்டார். பின்னாளில் அட்கின்ஸ் ‘சி.ஜி.பி.’ என்று ஒரு பட்டத்தைத் தானே உண்டாக்கினார்: ‘சர்டிஃபைட் கிட்டார் பிளேயர்’, அதாவது சான்றிதழ் பெற்ற கிட்டார்காரர். பாதி கிண்டல்தான். ஆனாலும் தனக்குப் பிடித்த நான்கைந்து பேருக்குத்தான் கொடுத்தார். வாங்கியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலியாவின் டாமி இம்மானுவேல் இன்றும் அந்த மூன்றெழுத்தைப் பெயருக்குப் பின்னால் டாக்டர் பட்டம்போலப் போட்டுக்கொள்கிறார்.

கட்டுரையின் அடுத்த பாகம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். எழுத உட்காருவதற்கு முன் கட்டுரையாளரை அந்த ‘யாங்கி டூடுல் – டிக்ஸி’ பதிவை இயர்போனில் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். முதல் தடவை இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

இப்படிக்கு,
ஒரு கொயர் கிட்டார்காரர்,
பாளையங்கோட்டை.