பட்டியலை ஒட்டாதீர்கள், ஒரு மேசை போடுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் கணிதம் நடத்தும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்ததும் பல கல்லூரிகளில் ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ என்று ஒரு பட்டியல் போடுவார்கள். நான் படித்த கல்லூரியில் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள், என் பெயரோடு. மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில் நாங்கள் பதினோரு பேர் தலைகுனிந்து மறுபடி வகுப்புக்குள் போவோம். இரண்டாம் வாரம் நான்கு பேர்தான் மிஞ்சினோம்.

எனக்குக் கணக்கு வராமல் இல்லை. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. அணிக்கோவை, நேர்மாறு அணி எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. முதல் செமஸ்டர் கணிதமான எம் 1 வகுப்பில் ‘டிடர்மினன்ட்’ என்றார்கள். அது நம் அணிக்கோவைதான் என்று சொல்ல ஆளில்லை, எழுந்து கேட்க எனக்கு வாய் வரவில்லை. அரியர் விழுந்தது.

கைதூக்கி விட்டவர் விடுதியில் பக்கத்து அறை அண்ணன், மூன்றாமாண்டு. அணிகளில் வரும் ஐகன் மதிப்புக் கணக்கு ஒன்றை எடுத்து, நோட்டில் இருக்கும் விடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “அடுத்த வரி என்ன, நீயே எழுது” என்பார். தப்பாக எழுதினால் திருத்த மாட்டார். “ஏன் அப்படிப் போட்டே?” என்று மட்டும் கேட்பார். அதுவரை போட்ட கணக்கையே பார்த்துப் பார்த்து எழுதி, புரிந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். வெற்றுத்தாளில் மூன்றாவது வரியில் பேனா நின்றபோதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரிந்தது.

இதையே ஒரு முறையாக்கி, 1973-இல் அமெரிக்காவின் மிசௌரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கினார். ஏற்கெனவே நன்றாகத் தேறிய மாணவர் அதே வகுப்பில் மறுபடி வந்து உட்காருவார், அப்புறம் மற்றவர்களோடு சேர்ந்து பாடத்தை அலசுவார். யார் வேண்டுமானாலும் வரலாம். அங்கே பட்டியல் போடுவது கடினமான பாடங்களுக்கு, மாணவர்களுக்கு அல்ல. இந்த ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொறியியலுக்கு வருகிறார்கள். கட்டணத்தை அரசே கட்டுகிறது. எம் 1-இல் அவர்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் ‘நாக்’ ஆய்வுக்குப் பட்டியல் வேண்டுமா, சரி, கோப்பில் இருக்கட்டும். இன்டர்னல் வரை காத்திருக்காமல் முதல் வாரமே நூலகத்தில் ஒரு மேசை போடுங்கள். தமிழில் விளக்கத் தெரிந்த சீனியர் ஒருவரை அங்கே உட்காரவையுங்கள், அவருக்கு ஒரு சிறு தொகையும் கொடுங்கள். மதிய இடைவேளையில் வைத்தால் காலேஜ் பஸ்ஸில் போகிற பிள்ளைகளும் வருவார்கள்.

இப்படிக்கு,
அந்தப் பதினோரு பேரில் ஒருவன்